அனல் அறிந்து பாத்திரம்

கேக் சுடும் பாத்திரத்தின் முதல் வேலை, ஓவனின் சூட்டை மாவுக்குள் சீராகக் கொண்டு சேர்ப்பது. நெடுநாள் உழைப்பதும் மேசையில் அழகாக இருப்பதும் அதற்கு அடுத்துத்தான். கடையில் நின்று தேர்ந்தெடுக்கும்போது இந்த வரிசை தலைகீழாகிவிடுகிறது. பூப்போட்ட கனமான பீங்கான் தட்டு ஆசையோடு வீட்டுக்கு வருகிறது. அதில் ஊற்றிய பட்டர் கேக் ஓரமெல்லாம் காய்ந்து, நடுவில் வேகாமல் கிடக்கிறது. பழியை ஓவன் சுமக்கிறது.

மலேசியாவின் நெகிரி செம்பிலான் தோட்டங்களில் ஓவன் வருவதற்கு முன்பே கேக் வந்துவிட்டது. போர்ட்டிக்சன், ரந்தாவ், லாபு, பகாவ் வட்டாரத்து ரப்பர்த் தோட்டங்கள் பலவற்றில் மின்சாரம் என்றால், தோட்டத்து ஜெனரேட்டர் மாலையில் சில மணி நேரம் தரும் வெளிச்சம்தான். தொழிலாளர் குடியிருப்பான லயத்து வீட்டில் இருந்தது விறகடுப்பு. அடியிலிருந்து மட்டும் எரியும் அந்த அடுப்பில் கேக் சுட, சூட்டை நாலு பக்கமும் திருப்பிவிட ஒரு வழி வேண்டும். பெரிய அண்டாவின் அடியில் மணல் பரப்பி, அதன் மேல் கேக் தட்டை வைத்து மூடுவது ஒரு வழி. தீ நேரே தட்டைச் சுடாமல் மணல் அதை வாங்கிப் பரப்பிக் கொடுக்கும். மூடியின் மேல் தணலை அள்ளிப் போட்டால் மேற்பக்கமும் சிவக்கும். நான்கு கேலன் மண்ணெண்ணெய் டின்னைப் படுக்கவைத்து, ஒரு பக்கத்தைக் கதவாக வெட்டி, உள்ளே கம்பித் தட்டு பொருத்தினால் அதுவே ஓவன்.

ஆனால் டின் தகரம் ஓவனின் கூடாக இருக்கலாமே தவிர, மாவு ஊற்றும் பாத்திரமாக ஆகாது. டின் என்பது மெல்லிய இரும்புத் தகட்டின் மேல் வெள்ளீயம் பூசியது. வெள்ளீயம் 232 டிகிரி செல்சியஸில் உருகும். பழைய டின்களின் மூட்டுகளைப் பற்றவைத்த கலவையில் காரீயமும் சேர்ந்திருந்தது. அது இன்னும் குறைந்த சூட்டிலேயே இளகும். பழைய பிஸ்கட் டின்னின் மூடியில் கேக் ஊற்றும் பழக்கம் இன்றும் எந்த வீட்டிலாவது இருந்தால் அதை விட்டுவிடுவது நல்லது. மலேசியாவில் பரிசாகக் கொடுக்கப்படும் பியூட்டர் கிண்ணங்களுக்கும் இதே கதைதான். அவை பெரும்பகுதி வெள்ளீயம். கண்ணாடி அலமாரியில் அழகாக இருக்கும்; ஓவனில் வைத்தால் குழம்பாகிவிடும்.

தணலுக்கென்றே பிறந்த பாத்திரம், பாவுலு எனும் மலாய் முட்டைக் கேக்கைச் சுடும் அச்சு. மலாய்க் கம்பத்து அண்டை வீட்டாரிடமிருந்து இரவல் வாங்கி, பிறகு சொந்தமாகவே வாங்கிக்கொண்ட வீடுகள் தோட்டங்களில் உண்டு. கனமான பித்தளை வார்ப்பு, அதில் மீன் வடிவிலும் பூ வடிவிலும் குழிகள், மேலே தணல் தாங்கும் மூடி. முதலில் வெறும் அச்சைச் சூடேற்ற வேண்டும். குழிகளில் எண்ணெய் தொட்டு, நன்றாக அடித்த முட்டை, சீனி, மாவுக் கலவையை ஊற்றி, கீழும் மேலும் தணல் வைத்தால் சில நிமிடங்களில் பாவுலு உப்பி எழும். பாவுலுவில் முட்டை நுரைதான் எல்லாம். அந்த நுரை அமுங்குவதற்குள் சூடு எல்லாப் பக்கமும் சட்டென்று பிடிக்க வேண்டும். பித்தளை சூட்டை நன்றாகக் கடத்தும். வார்ப்பு கனமாக இருப்பதால் மாவு விழுந்ததும் குளிர்ந்துபோகாது. இரண்டும் சேர்ந்ததால்தான் இந்த அச்சு இத்தனை தலைமுறை நிலைத்தது. இன்று ஓவனுக்குள் வைப்பதற்கேற்ற அலுமினிய வார்ப்பு அச்சுகள் கிடைக்கின்றன. எடை குறைவு, விலையும் குறைவு, வேலையும் நன்றாகவே நடக்கும். வாங்குபவர் பார்க்க வேண்டியது ஒன்றுதான்: வார்ப்பு தடிமனாக இருக்க வேண்டும். தகடுபோல் மெல்லியதாக இருந்தால் பாவுலுவின் அடி கருகும்.

பழைய பித்தளை அச்சு வீட்டில் இருந்தால் அதைத் தூக்கி எறியத் தேவையில்லை. பச்சைக் களிம்பு பிடித்திருந்தால் புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்து, கழுவிக் காயவைத்து, எண்ணெய் தடவி ஓரிரு முறை வெறுமனே சூடேற்றி எடுத்தால் மாவு ஒட்டாது. அச்சு முறுக்கு அச்சைப் பழக்குவதும் இப்படித்தான். புளிப்புச் சேர்ந்த எதையும் பித்தளையில் விட்டுவைக்கக் கூடாது என்பது பாட்டிமார் அறிந்த பாடம்.

லயத்திலிருந்து தாமான் எனும் வீடமைப்புப் பகுதிக்குக் குடிபெயர்ந்த குடும்பங்களின் சமையலறையில் இன்று மேசை மேல் வைக்கும் மின் ஓவன் இருக்கிறது. நீலாய், செண்டாயான் போன்ற இடங்களில் பழைய தோட்ட நிலத்திலேயே வீடமைப்புப் பகுதிகள் எழுந்துவிட்டன. மேலும் கீழும் கம்பி பழுக்கும் இந்த ஓவனுக்குத் தணலும் மணலும் வேண்டாம். பாத்திரத்தின் உலோகமும் நிறமும் மட்டும் முன்பைவிட அதிகமாகக் கணக்கில் வருகின்றன.

கேக்குக்கு அலுமினியத்தை மிஞ்ச எதுவும் இல்லை. அது வார்ப்பிரும்பைவிட ஏறக்குறைய நான்கு மடங்கும், எவர்சில்வரைவிடப் பத்து மடங்குக்கு மேலும், கண்ணாடியைவிடச் சுமார் 200 மடங்கும் வேகமாகச் சூட்டைக் கடத்தும். அதனால் கேக்கின் ஓரமும் நடுவும் கிட்டத்தட்ட ஒன்றாக வேகும். பேக்கரிக்காரர்கள் பளபளப்பில்லாத சாதா அலுமினியத் தட்டுகளையே வைத்திருப்பதற்குக் காரணம் சிக்கனம் மட்டுமல்ல. தட்டின் ஓரத்தைக் கட்டைவிரலால் அழுத்தினால் வளையக் கூடாது. மெல்லிய தட்டு சூட்டில் முறுக்கிக்கொள்ளும், மாவு ஒரு பக்கம் சாயும். அலுமினியத்தின் எதிரி புளிப்பு. புளி, தக்காளி, எலுமிச்சை சேர்ந்த உணவு அதில் நேரமானால் உலோகம் கரைந்து சுவை கெடும், தட்டும் கறுக்கும். போர்ட்டிக்சன் கடற்கரையில் வாங்கி வந்த மீனைப் புளியும் சம்பாலும் தடவிச் சுடுவதானால் வாழையிலையில் பொதிந்து வைக்க வேண்டும், அல்லது வேறு பாத்திரம் எடுக்க வேண்டும்.

கறுப்புத் தட்டுகள் ஓவன் கம்பியின் அனலை அதிகமாக உறிஞ்சுவதால் ஓரமும் அடியும் சீக்கிரம் சிவக்கும். ரொட்டிக்கு அது நல்லது, பட்டர் கேக்குக்கு அல்ல. கறுப்புத் தட்டில் கேக் சுடுபவர் வெப்பத்தை 10 முதல் 15 டிகிரி குறைத்துவைத்தால் போதும். ஒட்டாத பூச்சு உள்ள தட்டுகள் வசதியானவை, ஆனால் ஆயுள் குறைந்தவை. கத்தியால் ஒரு கீறல் விழுந்தாலே அடியிலுள்ள இரும்புக்கு மலேசியாவின் ஈரக்காற்று போதும், துரு பிடித்துவிடும். அந்தப் பூச்சு 260 டிகிரிக்கு மேல் சிதையத் தொடங்கும் என்பதால், வெறும் தட்டை முழுச் சூட்டில் வைத்துவிட்டு மறந்துபோகக் கூடாது. சிலிகான் அச்சுகள் துருப்பிடிக்காது, உடையாது. ஆனால் சூட்டை மெதுவாகவே கடத்துவதால் கேக் வெளிறிப்போய் வரும். ஐஸ் கட்டிக்கும் அகர் அகருக்கும் அவை பொருத்தம்.

தோட்டத்து ஆட்களுக்கு மிகப் பழக்கமானது மங்கு. இரும்புத் தகட்டின் மேல் கண்ணாடிப் பொடியைப் பூசி, 800 டிகிரிச் சூட்டில் உருக்கிப் படியவைத்த இனாமல் தட்டுக்கும் அந்தப் பெயர்தான். ரப்பர் மரத்தில் பால் பிடிக்கக் கட்டிய கோப்பைக்கும் அந்தப் பெயர்தான். பால் கோப்பையின் உள்ளே மெருகு இருந்தது. உறைந்த பால் ஒட்டாமல் உரிந்து வர அந்த மெருகுதான் உதவியது. பள்ளி விடுமுறையில் மங்கு துடைக்கப் போன பிள்ளைகளுக்கு அது தெரியும். இனாமல் தட்டிலும் அதே மெருகு வேலை செய்கிறது. புளிப்பு அதைத் தொடாது, வாசனை தங்காது, கழுவுவது எளிது, உள்ளே இரும்பு இருப்பதால் சூடும் பரவும். வெள்ளைத் தட்டும் நீல விளிம்புமாகப் பார்க்கவும் குறைவில்லை. துரை பங்களாக் குசினியில் ரொட்டிப் புட்டிங் செய்ததும், ஜப்பானியர் ஆட்சிக் காலத்தில் வயிற்றை நிறைத்த மரவள்ளிக்கிழங்கு பிறகு தேங்காய்ப்பாலும் சீனியும் சேர்ந்து கேக்காக ஆனபோது ஏறியதும் இத்தகைய தட்டுகளில்தான். மரவள்ளி கேக் நெடுநேரம் வேகும், அதன் சீனி பாகாகி அடியில் பிடிக்கும். தட்டில் வாட்டிய வாழையிலையை விரித்து ஊற்றினால் அந்தத் தொல்லை இல்லை, மணமும் கூடும். பயன், அழகு, விலை மூன்றையும் சேர்த்துப் பார்த்தால், ஒரே ஒரு பாத்திரம்தான் வாங்க முடியும் என்ற வீட்டுக்கு இனாமலைத்தான் சொல்ல வேண்டும்.

கண்ணாடித் தட்டின் கதை அமெரிக்காவில் தொடங்குகிறது. 1913இல் கார்னிங் கண்ணாடி நிறுவனத்தில் வேலை பார்த்த ஜெஸ்ஸி லிட்டில்டன் என்பவர், மின்கலம் செய்யும் கண்ணாடிச் சாடியின் அடிப்பாகத்தை அறுத்து வீட்டுக்குக் கொண்டுவந்தார். அவர் மனைவி பெஸ்ஸி அதில் கேக் சுட்டுக் காட்டினார். 1915இல் பைரெக்ஸ் விற்பனைக்கு வந்தது. அந்தப் போரோசிலிகேட் கண்ணாடி சூட்டில் விரிவது சாதாரணக் கண்ணாடி விரிவதில் மூன்றில் ஒரு பங்குதான். அதனால்தான் அது எளிதில் வெடிப்பதில்லை. பின்னாளில் அமெரிக்காவில் விற்கப்படும் பைரெக்ஸ், பதப்படுத்திய சாதாரணக் கண்ணாடிக்கு மாறியது. அது கீழே விழுந்தால் ஓரளவு தாங்கும். திடீர்ச் சூட்டையோ குளிரையோ அவ்வளவாகத் தாங்காது. பிரான்சில் செய்யப்படும் பைரெக்ஸ் இன்றும் போரோசிலிகேட்தான். ஆகவே தட்டைத் திருப்பி, எங்கே செய்தது, எந்தக் கண்ணாடி என்று படித்துவிட்டு வாங்குவது நல்லது. எந்தக் கண்ணாடியானாலும் குளிர்சாதனப் பெட்டியிலிருந்து எடுத்த தட்டை நேரே சூடான ஓவனில் வைப்பதும், ஓவனிலிருந்து எடுத்ததை ஈரத்துணியிலோ சிமெண்டு மேடையிலோ இறக்குவதும் ஆபத்து.

கண்ணாடி மெதுவாகச் சூடேறும், ஏறிய சூட்டை விடாமல் வைத்திருக்கும். கேக்குக்குக் குறையாகும் இந்தக் குணம் மக்ரோனிக்கும் ரொட்டிப் புட்டிங்குக்கும் நிறையாகிறது. மேசைக்கு வந்து அரை மணி நேரம் ஆனாலும் உணவு ஆறாது. பீங்கானுக்கும் இதே இயல்புதான். வாங்கும்போது உட்புறம் முழுதும் வழவழப்பாக மெருகேறியிருக்கிறதா, கீறல்வலை விழுந்திருக்கிறதா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்க வேண்டும். சித்திரம் வெளிப்பக்கம் இருக்கட்டும். உணவு படும் உட்பக்கத்தில் வண்ணப்பூ எழுதிய பழைய பீங்கானின் மெருகில் காரீயம் இருக்கக்கூடும். அடுப்பையும் குளிர்ப்பெட்டியையும் ஒருசேரத் தாங்கும் வெள்ளைப் பாத்திரம் ஒன்று தற்செயலாகக் கிடைத்தது. 1953இல் டொனால்ட் ஸ்டூக்கி என்ற விஞ்ஞானியின் உலை 600 டிகிரியில் நிற்காமல் 900 டிகிரிக்கு ஏறிவிட்டது. பாழாய்ப்போனது என்று அவர் எடுத்த கண்ணாடித் துண்டு இடுக்கியிலிருந்து நழுவித் தரையில் விழுந்தும் உடையவில்லை. அதிலிருந்து பிறந்த கார்னிங்வேர் 1958இல் கடைக்கு வந்தது. நீலப்பூ போட்ட அந்தப் பழைய பாத்திரம் எந்த வீட்டிலாவது இருந்தால் அதைப் பத்திரமாக வைத்துக்கொள்ளலாம்.

அளவை மறந்துவிட்டுப் பாத்திரம் வாங்குவது பொதுவான தவறு. 13 அங்குலம் என்று எழுதியிருக்கும் கண்ணாடித் தட்டை இருபுறக் கைப்பிடியோடு அளந்தால் 15 அங்குலத்தை எட்டும். மேசை ஓவனின் கதவு மூடாது. ஓவனின் உள்ளளவை ஒரு நூலால் அளந்து கடைக்குக் கொண்டுபோவது எளிய வழி. தட்டைச் சுற்றிலும் ஓர் அங்குலமாவது இடம் விட்டால்தான் சூடான காற்று சுழலும். வட்டத் தட்டுக்கும் சதுரத் தட்டுக்கும் ஒரு கணக்கு உண்டு: 8 அங்குல வட்டமும் 7 அங்குலச் சதுரமும் கிட்டத்தட்ட ஒரே பரப்பு. ஒன்றுக்கு எழுதிய அளவை மற்றதில் அப்படியே ஊற்றலாம். 8 அங்குல வட்டத்து மாவை 8 அங்குலச் சதுரத்தில் ஊற்றினால் கேக் தட்டையாகிப்போகும்.

அழகுக்குச் செலவழிக்க நினைப்பவர் மேசைக்கு வரும் தட்டில் செலவழிக்கலாம். கேக் எப்படியும் தட்டிலிருந்து கவிழ்க்கப்பட்டு வேறு தட்டுக்குப் போய்விடும். அதைச் சுட்ட அலுமினியத்தை யாரும் பார்க்கப்போவதில்லை. தீபாவளி உபசரிப்பில் விருந்தாளிகள் முன் அப்படியே வைக்கும் மக்ரோனிக்கும் புட்டிங்குக்கும்தான் நல்ல பீங்கான் வேண்டும். பழுப்பு நிற உணவு வெள்ளையிலும் கருநீலத்திலும் எடுப்பாகத் தெரியும். பல வண்ணப் பூத்தட்டில் காணாமல் போகும். விளிம்பு அகலமாகவும் கைப்பிடி துணியோடு பிடிக்கத் தோதாகவும் இருக்க வேண்டும். கைப்பிடி இல்லாத வழவழப்பான கிண்ணம் எவ்வளவு அழகாக இருந்தாலும், சூட்டோடு தூக்கும்போது கை நழுவும்.

வாங்கிய பின் பராமரிப்பில் பெரிய வித்தை இல்லை. இரும்புத் தட்டைக் கழுவியதும் துடைத்துவிட்டு, அணைத்த ஓவனின் மிச்சச் சூட்டில் பத்து நிமிடம் வைத்தால் துரு அண்டாது. அலுமினியத்தைச் சோடாக்காரம் போட்டுத் தேய்க்கக் கூடாது. ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கும்போது நடுவில் துணி வைத்தால் கீறல் விழாது. நெளிந்த அலுமினியத் தட்டைத் தட்டி நிமிர்த்தி மறுபடி பயன்படுத்தலாம். ஓரத்தில் சில்லு பெயர்ந்த கண்ணாடித் தட்டு, விரிசல் எங்கிருந்து ஓடும் என்று சொல்ல முடியாதது. அதற்கு ஓவனில் இடமில்லை. உள்ளே மெருகு பெயர்ந்த மங்குத் தட்டிலும் சமைக்கக் கூடாது. அடியில் ஓர் ஆணித் துளை போட்டால் அது பாண்டான் செடி வைக்க ஆகும்.