வெண்புள்ளி மாத்திரைக்கு முன்னால் ஒரு ரத்தப் பரிசோதனை

டீயைக் குடிங்க மாமா, ரிப்போர்ட் எங்கேயும் ஓடிடாது. திருக்கோகர்ணத்துல இருந்து டவுனுக்குப் போய் எடுத்த ரிப்போர்ட்டு, நிதானமாவே பார்ப்போம்.

கையில வெண்புள்ளி. ரத்தத்துல ஹெபடைட்டிஸ் பி. அதுக்கு மேல 'ஏ.என்.ஏ. பாசிட்டிவ்'. மூணும் ஒண்ணா வந்ததும், ஒண்ணுதான் இன்னொண்ணை இழுத்துட்டு வந்துச்சுன்னு பயந்துட்டீங்க. வைரஸ்தான் வெண்புள்ளியைக் கொண்டுவருதுன்னு உறுதியா நிரூபணம் ஆகலை. இருநூறு பேர்ல ஒருத்தர், ரெண்டு பேருக்கு வெண்புள்ளி இருக்கு. அவங்கள்ல சிலருக்குக் கல்லீரல் வைரஸும் இருக்கும்.

ஏ.என்.ஏ.ங்கிறது நம்ம உடம்பு நம்ம செல்லுக்கு எதிராவே செய்யிற ஆன்டிபாடி. 1:80 அளவுல பார்த்தா, நோயே இல்லாதவங்க 100 பேர்ல 13 பேருக்கு இருக்கும். நாள்பட்ட ஹெபடைட்டிஸ் பி இருந்தாலும் இது தலைகாட்டும். வெண்புள்ளியில தோலுக்கு நிறம் கொடுக்கிற செல்லைக் கொல்றது முக்கியமா டி-செல்னு சொல்ற வெள்ளை அணுக்கள். வீட்டை இடிச்சபிறகு தெருவுல பறக்கிற செங்கல் தூசி மாதிரி, ஆன்டிபாடி பெரும்பாலும் பின்னாலதான் வருது. தைராய்டு ஆன்டிபாடியை மட்டும் அப்படி விட்டுடாதீங்க. வெண்புள்ளிக்காரங்களுக்குத் தைராய்டு கோளாறு மத்தவங்களைவிட அதிகம். அதுக்கான டி.எஸ்.எச். ரத்தப் பரிசோதனையை ஒரு தடவை பார்த்துடுங்க.

இப்பதான் முக்கியமான இடத்துக்கு வர்றேன். ஹெபடைட்டிஸ் பி வைரஸ் கல்லீரலை நேரடியா அரிக்கிறது குறைவு. வைரஸ் புகுந்த செல்லை அடிக்கப்போற அதே டி-செல்தான் கல்லீரலைப் புண்ணாக்குது. தோல்ல வேண்டாத சண்டை, கல்லீரல்ல வேண்டிய சண்டை, ரெண்டுக்கும் ஆள் ஒண்ணுதான். வெண்புள்ளி வேகமாப் பரவும்போது வாரத்துல ரெண்டு நாள் மட்டும் ஸ்டீராய்டு மாத்திரை கொடுக்கிற முறை டெல்லி எய்ம்ஸ்ல டாக்டர் பஸ்ரிச்சா கொண்டுவந்தது. நல்ல முறைதான். ஆனா ஸ்டீராய்டு டி-செல்லை அடக்கும்போது வைரஸ் பெருகலாம். நிறுத்தினதும் டி-செல் மொத்தமா எழுந்து கல்லீரலைத் தாக்கலாம். அதனால தோல் டாக்டர்கிட்ட முதல் வார்த்தையே, "எனக்கு பி வைரஸ் இருக்கு"ன்னு சொல்லுங்க. தேவைப்பட்டா வைரஸை அடக்குற டெனோஃபோவிர் மாத்திரையை முதல்ல ஆரம்பிப்பாங்க. 2018-ல வந்த தேசியத் திட்டத்துல அது அரசு மருத்துவமனையில இலவசம். டெனோஃபோவிரை நீங்களா மட்டும் நிறுத்திடக் கூடாது.

எதிர்த் திசையிலும் நடக்கும். பி வைரஸுக்கு இன்டர்ஃபெரான் ஊசி போட்டுக்கிட்ட சிலருக்குத் தைராய்டு ஆன்டிபாடியும், சிலருக்கு வெண்புள்ளியும் புதுசா வந்திருக்கு. பழைய ஊசிச் சீட்டு இருந்தா அதையும் எடுத்துட்டுப் போங்க.

கீழாநெல்லி கேட்டீங்கல்ல? அதுல நம்ம சென்னைக்கே ஒரு கதை இருக்கு. 1988-ல சென்னைப் பல்கலைக்கழகத்து தியாகராஜன் குழு, இந்த வைரஸைக் கண்டுபிடிச்சு நோபல் வாங்கின ப்ளம்பெர்கையும் சேர்த்துக்கிட்டு, 'லான்செட்' இதழ்ல எழுதினாங்க. 30 நாள் கீழாநெல்லி சாப்பிட்ட 37 பேர்ல 22 பேருக்கு வைரஸின் மேலுறைப் புரதம் ரத்தத்துல மறைஞ்சிருந்துச்சு. வெறும் மாத்திரை சாப்பிட்ட 23 பேர்ல ஒருத்தருக்குத்தான். உலகமே திரும்பிப் பார்த்துச்சு. ஆனா அப்புறம் மத்த ஊர்கள்ல செஞ்சு பார்த்தப்போ அந்தப் பலன் கிடைக்கலை. எனக்கு அதுல வருத்தம் உண்டு. இருந்தாலும் அதை நம்பி மாத்திரையை விடச் சொல்ல மாட்டேன். கார்போக அரிசி விஷயத்துல இன்னும் கண்டிப்பாச் சொல்வேன். வெண்புள்ளிக்குன்னு அதைத் தின்னு கல்லீரல் கெட்டவங்க உண்டு. உங்க கல்லீரலுக்கு அது ஆகவே ஆகாது.

"இந்த வயசுல எப்படி வந்துச்சு?"ன்னு அத்தை கேட்டது உங்களைக் குத்தியிருக்கும். பி வைரஸ் பிறக்கும்போது தாய்கிட்ட இருந்து தொத்தினா 100-க்கு 90 குழந்தைகளுக்கு நிரந்தரமாத் தங்கிடும்; பெரியவங்க ஆனபிறகு தொத்தினா 5-க்கும் குறைவு. உங்களுக்குச் சின்ன வயசுலயே வந்திருக்கத்தான் வாய்ப்பு அதிகம். இதை அத்தைகிட்ட நானே சொல்றேன். அவங்களும் பிள்ளைகளும் ரத்தம் பார்த்து, இல்லாதவங்க தடுப்பூசி போட்டுக்கட்டும். ஷேவிங் ரேஸர் மட்டும் உங்களுக்குத் தனி. தட்டு, டம்ளர், பந்தி எல்லாம் எப்பவும் போல.