செங்கோட்டை இறக்கத்தில் ஒரு கணினி இன்ஜின்

கணினியில் ரயில் ஓட்டிப் பழக நினைப்பவர்கள் பெரும்பாலும் மேடு பள்ளம் இல்லாத நீண்ட பாதையையும் வேகமான இன்ஜினையும் எடுத்துக்கொண்டு தொடங்குகிறார்கள். நூறு கிலோமீட்டர் வேகத்தைத் தொட்டதும் ஆட்டம் பிடிபட்டுவிட்டதாக ஒரு நினைப்பு வரும். அங்கே வேலை செய்தது தண்டவாளம்தான். ஓட்டியவருக்குப் பெரிதாக வேலை இருந்திருக்காது. இறக்கத்தில் தொடங்குவதே சரி என்பது என் கட்சி. பண்பொழிக்காரர்கள் அதற்காக வெகுதூரம் தேட வேண்டாம். பக்கத்துச் செங்கோட்டையிலிருந்து பகவதிபுரம், ஆரியங்காவு, தென்மலை வழியாகப் புனலூருக்கு இறங்கும் மலைப்பாதை இருக்கிறது. 1904இல் மீட்டர்கேஜாகத் திறந்து, 2010இல் மூடி, 2018இல் அகலப்பாதையாக மறுபடி திறந்த தடம். அதன் கடுமையான சரிவு 37க்கு 1. சாலையில் வருகிறவருக்கு இது சரிவாகவே தோன்றாது. ரயிலுக்கு அப்படியில்லை.

எஃகுச் சக்கரம் எஃகின்மேல் உருள்வதால், சமதளத்தில் ஒரு டன் எடையை நகர்த்த இரண்டு மூன்று கிலோ விசை போதும். ரயிலின் சிக்கனமெல்லாம் அங்கிருந்து வருவதுதான். 37க்கு 1 சரிவிலோ, புவியீர்ப்பு மட்டுமே ஒவ்வொரு டன்னையும் 27 கிலோ விசையால் கீழே இழுக்கும். 1,000 டன் வண்டி என்று வைத்துக்கொண்டால் 27 டன். சுமார் 113 டன் எடையுள்ள டபிள்யூ.டி.எம். 3ஏ டீசல் இன்ஜின் கிளம்பும்போது காட்டக்கூடிய இழுவிசை ஏறக்குறைய 30 டன். அதுவும் தண்டவாளம் காய்ந்திருந்தால். குற்றாலத்தில் சாரல் கட்டும் மாதங்களில் தண்டவாளமும் நனைந்துதான் கிடக்கும். அப்போது சக்கரத்தின் பிடிப்பு எடையில் ஆறில் ஒரு பங்காகக் குறைந்தால், குதிரைத்திறன் எவ்வளவு இருந்தாலும் 19 டன்னுக்கு மேல் அந்த இன்ஜினால் இழுக்க முடியாது. சக்கரம் நின்ற இடத்திலேயே சுழலும். இந்தப் பாதையில் வண்டியின் வாலிலும் ஓர் இன்ஜினைக் கோத்து அனுப்புவதற்கான காரணம் இந்தக் கணக்கிலேயே இருக்கிறது.

ஏற்றத்தில் தவறினால் வண்டி நின்றுபோகும், அவ்வளவுதான். இறக்கத்தில் பிரேக்கை விட்டுவிட்டால், நின்ற நிலையிலிருந்து ஒரே நிமிடத்தில் மணிக்கு 50 கிலோமீட்டர் வேகம் வந்துவிடும். வளைவுகள் நிறைந்த இந்த மலைப்பகுதியில் வேக வரம்போ 30. வண்டி நெடுக ஓடும் பிரேக் குழாயில் சதுர சென்டிமீட்டருக்கு 5 கிலோ அழுத்தத்தில் காற்று இருக்கும். அதைக் குறைத்தால் பிரேக் பிடிக்கும். அந்தக் குறைவு பெட்டி பெட்டியாகக் கடந்து போக நேரம் பிடிக்கும் என்பதைத்தான் புதியவர் கவனிப்பதில்லை. பிரேக் பிடிக்கவில்லை என்று பதறி மேலும் அழுத்தத்தைக் குறைப்பார், வண்டி குலுங்கி நிற்கும், முழுதாக விடுவிப்பார், மறுபடி ஓட்டம் பிடிக்கும். சமதளத்தில் இந்தத் தப்பு வெளியே தெரியாமலே போய்விடும்.

தொடங்குவதற்கு ஓபன் ரெயில்ஸ் போதும். இலவசம், மூலநிரல் திறந்தது. 2001இல் வந்த மைக்ரோசாஃப்ட் ட்ரெயின் சிமுலேட்டருக்காக ஆர்வலர்கள் செய்து குவித்த பாதைகளும் இன்ஜின்களும் இதில் ஓடும். அமைப்புகளில் கட்டுப்பாட்டையும் இயற்பியலையும் எளிமையாக்கும் தேர்வு ஒன்று உண்டு. புதியவர்களுக்கு இரக்கப்பட்டு வைத்தது, தயங்காமல் அணைத்துவிடுங்கள். எஃப் 4 பொத்தான் வண்டி இருக்கும் இடத்தின் சரிவையும் முன்னுள்ள வேக வரம்பையும் காட்டும், எஃப் 5 ஓட்ட விவரங்களைக் காட்டும். வெளிக்காட்சியை ரசிப்பதைப் பிறகு வைத்துக்கொள்ளலாம்.

இருக்கையில் உடல் உணரும் உதறல் இல்லாமல் ரயில் ஓட்டக் கற்க முடியுமா என்று கேட்பார்கள். உதறல் கிடைக்காது என்பது உண்மை. ஆனால் இந்திய ரயில்வேயும் லோகோ பைலட்டுகளுக்கு சிமுலேட்டரில் பயிற்சி தருகிறது. பிரேக் பிடிப்பதிலுள்ள தாமதத்தை எண்ணிப் பார்த்துக் கையை முன்கூட்டியே அசைக்கும் பழக்கம் திரையிலும் வரும். ஆர்வலர்கள் வரைந்த பாதை அசலைப் போல் இருக்காது என்பது இன்னொரு குறை. இந்தப் பாதையிலுள்ள பதிமூன்று கண் பாலத்தின் கல் நிறம் பிசகியிருக்கலாம். சரிவும் எடையும் சரியாக இருந்தால் எனக்கு அது பெரிதில்லை. எடுத்த எடுப்பில் மலையில் விட்டால் சலித்துப்போய் விலகிவிடுவார்கள் என்பதுதான் கொஞ்சம் வலுவான வாதம். நிஜத்தில், பாதையைப் படித்துத் தேறாத லோகோ பைலட்டைத் தனியே அனுப்ப மாட்டார்கள். கணினியிலோ வண்டி கவிழ்ந்தால் மறுபடி முதலிலிருந்து தொடங்கிவிடலாமே, தயக்கம் எதற்கு?

டைனமிக் பிரேக் உள்ள இன்ஜினை எடுத்து, முதலில் இரண்டு பெட்டி மட்டும் கோத்து இறங்குங்கள். மோட்டார்களே மின்னாக்கிகளாக மாறி, வேகத்தை வெப்பமாக்கி, வண்டியை 30க்குள் நிறுத்தி வைக்கும். காற்று பிரேக்கைத் தொடவே வேண்டியிராது. பிறகு அதே இடத்தில் பதினெட்டுப் பெட்டியோடு இறங்குங்கள். டைனமிக் பிரேக்கை முழுதாகப் போட்டும் வேகமுள் ஏறிக்கொண்டே போகும். எத்தனை பெட்டியில் அது தோற்கத் தொடங்குகிறது என்பதை ஒவ்வொரு பெட்டியாகக் கூட்டி நீங்களே கண்டுபிடிக்கலாம்.