அசையாத அலை

மின்னணுச் சுற்றுகளில் வரும் நாட் (NOT) கேட் எதற்கும் எதிர்ப்பேச்சுதான் பேசும். 0 கொடுத்தால் 1 தரும். 1 கொடுத்தால் 0 தரும். மூன்று நாட் கேட்டுகளை வரிசையாக இணைத்து, கடைசிக் கேட்டின் வெளியீட்டை முதல் கேட்டின் உள்ளீட்டிலேயே மாட்டுங்கள். முதல் கேட்டுக்குள் 1 போனால் 0 வரும். அடுத்ததில் 1, மூன்றாவதில் 0. அந்த 0 திரும்பவும் முதல் கேட்டுக்கே போகும். உடனே எல்லாம் தலைகீழ்! இப்படி ஓயாமல் மாறிக்கொண்டே இருக்கும் சுற்றுதான் ரிங் ஆசிலேட்டர்.

இதையே கணினியில், மின்சுற்றுகளைக் கணக்கிட்டு ஓட்டிக் காட்டும் ஸ்பைஸ் (SPICE) மென்பொருளில் வரைந்து ஓட்டினால், பல நேரம் 0, 1 என்று ஏறி இறங்கும் அலையே வராது. 5 வோல்ட் கொடுத்த சுற்றில் 2.5 வோல்ட் பக்கமாக ஒரு நேர்கோடு போகும், அவ்வளவுதான். இணைப்பைப் பத்துமுறை சரிபார்த்தாலும் தப்பு கிடைக்காது.

காரணம் வேறு. 1970-களில் கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் உருவான ஸ்பைஸ், நேரத்தை ஓடவிடும் முன்பே ஒரு கணக்குப் போடும்: எதுவும் மாறாமல் இருந்தால் எந்த இடத்தில் எத்தனை வோல்ட் நிற்கும்? மூன்று கேட்டும் அச்சு அசல் ஒன்றே. 0 என்றாலும் ஒத்துவராது, 1 என்றாலும் ஒத்துவராது. இரண்டுக்கும் நடுவில்தான் கணக்கு சரியாக வரும். எனவே சுற்று அங்கேயே நின்றுவிடுகிறது.

பென்சிலைக் கூர்முனையில் நிற்க வைக்க முடியுமா? மேசைமேல் முடியாது, கணக்கில் முடியும்!

நிஜச் சுற்றில் எலெக்ட்ரான்கள் வெப்பத்தால் சதா நடுங்குகின்றன. மின்தடைகளில் இந்த நடுக்கம் உண்டாக்கும் துளி வோல்ட்டை அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் ஜான் ஜான்சன் அளந்து 1928-ல் வெளியிட்டார். ஹாரி நைக்விஸ்ட் என்பவர் அதற்குக் கணித விளக்கம் தந்தார். அந்தத் துளி போதும், அலை கிளம்பிவிடும். மென்பொருளோ, நாம் சொன்னாலொழிய இந்த நடுக்கத்தைச் சேர்க்காது. (சிலசமயம் கோடு சற்று நேரம் சும்மா போய்விட்டு, திடீரென ஆடத் தொடங்கும். கணினி தசமங்களைத் தோராயமாக வெட்டும்போது விழும் சின்னப் பிழையின் வேலை அது!)

ஆகவே தொடக்கத்தில் ஏதாவது ஓர் இடத்தை 0 வோல்ட் என்று எழுதிக் கொடுங்கள். ஆட்டம் ஆரம்பம்.

அப்போதும் விசித்திரமான படம் வந்தால் நேர அளவைப் பாருங்கள். ஒரு கேட் 10 நானோநொடி தாமதிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். சேதி வளையத்தை இரண்டு முறை சுற்றினால்தான் ஒரு முழு அலை, அதாவது 60 நானோநொடி. ஒரு நொடி முழுக்கப் பார்க்க ஆசைப்பட்டால் ஒன்றரைக் கோடிக்கும் மேல் அலைகள்! கணினி திணறும், திரையில் பட்டையாகச் சாயம் பூசினாற்போலத் தெரியும். ஒரு மைக்ரோநொடி கேளுங்கள், பதினாறு அலை அழகாக வரும்.

நான்கு கேட் போட்டுவிட்டு மென்பொருளைத் திட்டாதீர்கள். இரட்டைப்படை வளையத்தில் 1 சுற்றி வந்தாலும் 1 ஆகத்தான் வரும்; சண்டைக்கு இடமே இல்லை. ஒருமுறை தட்டிவிட்டால் 0 அல்லது 1 என்று ஒரு பக்கம் சாய்ந்து அப்படியே இருக்கும். கணினிக்குள் கேஷ் எனும் வேக நினைவகம் ஒவ்வொரு பிட்டையும் பிடித்து வைத்திருப்பது இப்படிப்பட்ட இரண்டு கேட் வளையத்தில்தான்.