“வீட்டுக்குத் திரும்பலாமா?”

அழுதார்கள்! ஒரு வண்டிக்காக அழுதார்கள்!

பெற்ற பிள்ளைக்காக அல்ல; உற்ற தோழனுக்காக அல்ல. தகடும் கம்பியும் சேர்த்து முடுக்கிய, ஆறு சக்கரம் பூட்டிய ஒரு வண்டிக்காக! அழுதவர்கள் யார்? விவரம் அறியாதவர்களா? இல்லை. அறிவியல் கற்றவர்கள், கணிப்பொறியோடு காலம் கழிப்பவர்கள். அவர்களை அழவைத்தது எது? ஒரு கேலிச்சித்திரம்! சிரிக்கலாம் என்று வந்தார்கள். கண்ணைத் துடைத்துக்கொண்டு போனார்கள்!

ஏன் இந்தக் கண்ணீர்? அதைத்தான் இன்று நாம் எண்ணிப்பார்க்க வேண்டும், தோழர்களே!

அமெரிக்காவில் ராண்டல் மன்றோ என்றொரு ஓவியர். வண்ணம் குழைத்து வடிவழகு காட்டுபவர் அல்லர். தலைக்கு ஒரு வட்டம், உடலுக்கு ஒரு கோடு, கைகாலுக்கு நான்கு கோடு; அவ்வளவுதான் அவருடைய மனிதர்கள்! இயற்பியல் படித்தவர், நாசா விண்வெளி நிறுவனத்தின் ஆய்வுக்கூடம் ஒன்றில் பணிபுரிந்தவர். 2005 முதல் ‘எக்ஸ்கேசிடி’ என்ற பெயரில் இணையத்தில் படக்கட்டங்கள் வரைந்து வருபவர். 2010 ஜனவரி இறுதியில் அவர் வரைந்ததுதான் ‘ஸ்பிரிட்’.

ஸ்பிரிட் கற்பனைப் பாத்திரமல்ல. 2004 ஜனவரி 4-ஆம் நாள் செவ்வாய்க் கோளில், குசேவ் என்ற பெரும்பள்ளத்தில் நாசா இறக்கிய ஆய்வு வண்டி. ‘ஊக்கம்’ என்று பொருள்படும் அந்தப் பெயரைச் சூட்டியவள் ஒன்பது வயதுச் சிறுமி. சைபீரியாவின் அநாதை விடுதியிலிருந்து அமெரிக்கக் குடும்பம் ஒன்று தத்தெடுத்து வளர்த்த பிள்ளை! வீடில்லாதிருந்து வீடு கண்டவள் பெயரிட்டாள். அந்தப் பெயரைத் தாங்கிச் சென்ற வண்டிக்கோ, திரும்பிவர வீடில்லை!

அதற்கு இட்ட பணி 90 நாள். செவ்வாயின் கணக்கில் 90 நாள். உழைத்ததோ ஆறாண்டுக்கு மேல்!

மலையேறு என்றார்கள், ஏறிற்று. 2003-இல் கொலம்பியா விண்கலம் சிதறியபோது மாண்ட எழுவரின் பெயர் தாங்கிய குன்றுகள் அங்கே உண்டு. நம் நாட்டில் பிறந்த கல்பனா சாவ்லாவின் பெயரிலும் ஒரு குன்று! அக்குன்றுகளுள் ஒன்றின் உச்சியை 2005-இல் தொட்டது ஸ்பிரிட். 2006-இல் முன்சக்கரம் ஒன்று முடங்கிற்று. நின்றதா? இல்லை. பின்னோக்கி நடந்தது, முடமான சக்கரத்தை இழுத்தபடியே! அந்த முடச்சக்கரம் மண்ணைக் கீறிக்கொண்டே போனது. 2007-இல், கீறிய தடத்தில் வெள்ளை வெளேரென்று ஒரு மண். சோதித்தார்கள்; ஏறத்தாழத் தூய சிலிக்கா! வெந்நீர் ஊற்றோ நீராவியோ பாய்ந்த இடத்தில் சேரக்கூடியது. செவ்வாயில் ஒரு காலத்தில் வெம்மையும் நீரும் இருந்தன என்பதற்கு அரிய சான்று. எந்தச் சக்கரம் கண்டெடுத்தது? நல்ல சக்கரங்கள் ஐந்துமல்ல, நொண்டிச் சக்கரம்!

2009-இல் மென்மணலில் புதைந்தது. மாதக்கணக்கில் முயன்றும் மீட்க முடியவில்லை. 2010 ஜனவரி 26-இல், இனி இது நகராது, நின்ற இடத்திலேயே ஆய்வு செய்யும் என்று நாசா அறிவித்தது.

அந்த அறிவிப்பு வந்த சில நாளில் மன்றோ எழுதுகோலை எடுத்தார். அவருடைய கட்டங்களில் வண்டி சிந்திக்கிறது. தொண்ணூறு நாள் ஒழுங்காய் உழைத்தால் வீட்டுக்குப் போகலாம் என்று எண்ணி உழைக்கிறது. தொண்ணூறு கழிகிறது, அழைப்பு வரவில்லை. உடனே அது என்ன நினைக்கிறது தெரியுமா? “ஏமாற்றிவிட்டார்களே” என்றல்ல. “நம் உழைப்பு போதவில்லை போலும்” என்று! இன்னும் உழைக்கிறது. புழுதிப் புயல் வருகிறது, உழைக்கிறது. கடைசியில் மணலில் சிக்கி நின்றும், வேலை நன்றாய்ச் செய்தேனா, வீட்டுக்கு வரலாமா என்றே கேட்கிறது. மறுமொழி இல்லை. செந்நிலம், சிறுவண்டி, பெருந்தனிமை. அதோடு கதை முடிகிறது.

படித்தவர்கள் கலங்கினார்கள். கதையை இப்படி முடிக்க மனம் ஒப்பாமல், மனிதர் வந்து வண்டியை மீட்பதாகத் தாங்களே வரைந்து சேர்த்தவர்களும் உண்டு!

அதற்கு இரண்டாண்டு முன்புதான், 2008-இல், ‘வால்-ஈ’ என்ற படம் வந்திருந்தது. மனிதர் கைவிட்டுப் போன பூமியில் எழுநூறு ஆண்டு தன்னந்தனியாய்க் குப்பை அள்ளும் சிறு இயந்திரத்தின் கதை. அங்கே துணை கிடைக்கிறது. போன மனிதர் வீடு திரும்புகிறார்கள். மன்றோவின் கட்டங்களில் துணையுமில்லை, திரும்பலுமில்லை. அந்தப் படத்தைத் தலைகீழாய்க் கவிழ்த்து வைத்தாற்போல் இருக்கிறது இந்தச் சித்திரம்!

“இதென்ன பேதைமை? இயந்திரத்துக்கு ஏது ஏக்கம்? அதை இயக்கியவர்களைக் கல்நெஞ்சராய்க் காட்டலாமா?” என்று கேட்பாருண்டு. நியாயமான கேள்வி. உண்மையில் அந்தப் பொறியாளர்கள் கல்நெஞ்சரல்லர். தங்கள் ஆய்வுக்கூடத்திலேயே மண் கொட்டி, அதே போன்ற வண்டியைப் புதைத்து, மீட்கும் வழி தேடியவர்கள். 2010 மார்ச் 22-இல் கடைசிச் செய்தி வந்த பிறகும், 2011 மே 25 வரை கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பார்த்தவர்கள். வண்டிக்கு ஏக்கமில்லை, அதை இயக்கிய மனிதர்க்குத்தான் ஏக்கம்!

ஆனால் தோழர்களே, வாசகர் அழுதது வண்டிக்காகவா? அல்ல. தமக்காக அழுதார்கள்! 1936-இல் சார்லி சாப்ளின் ‘மாடர்ன் டைம்ஸ்’ எடுத்தார். இயந்திரத்தின் பற்சக்கரங்களுக்குள் தொழிலாளி இழுபட்டுப் போனான், உலகம் சிரித்தது. மனிதன் இயந்திரமானால் சிரிப்பு. இயந்திரம் மனிதனானால் அழுகை! இரண்டிலும் நாம் காண்பது ஒரே முகம், உழைப்பாளியின் முகம்!

அந்த வண்டியின் துயரம் எங்கே இருக்கிறது? தனிமையிலா? குளிரிலா? புதைமணலிலா? இல்லை. “நம் உழைப்பு போதவில்லை போலும்” என்ற அந்த எண்ணத்தில் இருக்கிறது! திரும்பி வருவது அதன் திட்டத்திலேயே இல்லை. தூக்கி வர ஏவுகணை இல்லை, நாள் குறிக்கவுமில்லை. இல்லாத ஒன்றை, இன்னும் கொஞ்சம் உழைத்தால் ஈட்டிவிடலாம் என்று நம்பியதே, அதுதான் கொடுமை!

இந்த நம்பிக்கையை நாம் கண்டதில்லையா? இரட்டை ஷிப்ட் பார்த்தால் வேலை நிரந்தரமாகும் என்று நம்பிய தோழனைக் கண்டதில்லையா? ஆகாதபோது, ஒப்பந்தத் தாளை எடுத்துப் பார்க்காமல், “நம்மிடம்தான் ஏதோ குறை” என்று தலைகுனிந்தவனைக் கண்டதில்லையா? முடச்சக்கரத்தை இழுத்தபடி அவன் கண்டெடுத்த வெள்ளை மண்ணுக்குப் பெயர் யாருக்குப் போயிற்று?

உழைப்பைப் பழிக்கவில்லை நாம். உழைப்பு உயர்ந்தது, அதனால்தான் சொல்கிறோம், எதற்காக உழைக்கிறோம் என்பதை முதலில் கேட்டுத் தெளிய வேண்டும்! தாளில் இல்லாததை வியர்வை எழுதித் தராது. அதை எழுதவைக்க வேறு வழி வேண்டும். வாய் வேண்டும், வாயோடு வாய் சேர வேண்டும்.

ஸ்பிரிட்டுக்கு அந்த வழியில்லை. தன்னந்தனி வண்டி, மணலில் பாதி, புழுதியில் மீதி. அதன் இணைவண்டியோ செவ்வாயின் மறுபக்கத்தில்! ஒன்றையொன்று கண்டதுமில்லை, பேசியதுமில்லை. அந்த இணைவண்டி ஆப்பர்ச்சூனிட்டியும் 45 கிலோமீட்டர் நடந்து, 2018-இன் புழுதிப் புயலில் ஓய்ந்தது. 2019-இல் நாசா அதற்கு விடைகொடுத்தபோதும் உலகம் அழுதது.

அழட்டும், அழுகை நல்லதே. உயிரற்ற வண்டிக்கு ஒரு சொட்டு விடுபவன், அடுத்த எந்திரத்தில் நிற்கும் தோழனுக்கு இரு சொட்டு விடமாட்டானா? சொட்டோடு நிற்கவேண்டாம். “நன்றாய்ச் செய்தாய்” என்ற சொல்லை, அவன் காதில் விழும் காலத்திலேயே சொல்லுங்கள். “நம் உழைப்பு போதவில்லையோ” என்று அவன் முணுமுணுத்தால், தோளில் கைபோட்டு, தாளை விரித்துக் காட்டுங்கள்.

செவ்வாயில் ஒற்றைக் குரலாய் எழுந்த கேள்விக்கு மறுமொழி வரவில்லை. மண்ணில், ஆயிரம் குரலாய் எழுந்தால்?

வரும், தோழர்களே. வந்தே தீரும்!