பெரிய பதவியா... நிம்மதியா? கோச்சுகள் போடும் கணக்கு!

செங்கல்பட்டில் ஒரு நடுத்தரக் குடும்பம். அப்பா உள்ளூர்ப் பள்ளியில் பி.டி. மாஸ்டர் என்று வைத்துக்கொள்வோம். காலை ஆறு மணிக்கு மைதானம். சாயந்திரம் ஆறரைக்கெல்லாம் வீடு. ஒருநாள் சென்னையில் ஒரு பெரிய கல்லூரியிலிருந்து அழைப்பு வருகிறது. பெரிய டீம், பெரிய சம்பளம், ஜெயித்தால் பேப்பரில் போட்டோ!

"என்னங்க, இப்படி ஒரு சான்ஸ் மறுபடி வருமா? யோசிக்காம சேர்ந்துடுங்க" என்கிறார் மனைவி. ஆறாவது படிக்கும் மகளோ, "அப்போ நான் தூங்கினப்புறம்தான் வருவியாப்பா?" என்று கேட்கிறாள்.

இரண்டு கேள்வியும் நியாயமானவைதான். இரண்டுக்கும் சேர்த்து பதில் சொல்வதுதான் கஷ்டம்.

இது பி.டி. மாஸ்டருக்கு மட்டும் வரும் தலைவலி இல்லை. பாங்க் ஆபீசர், ஸ்டாஃப் நர்ஸ், ஐ.டி. கம்பெனி டீம் லீடர் என்று யாருக்கும் புரமோஷன் ஆர்டரோடு இந்தக் கேள்வியும் கூடவே வரும். 'வேண்டாம்' என்று சொன்னவரை, "பிழைக்கத் தெரியாதவர்" என்று சொந்தக்காரர்களே சொல்லிவிடுவார்கள். சரி, எதையும் வெற்றி-தோல்வியாகவே எண்ணிப் பழகிய விளையாட்டுப் பயிற்சியாளர்கள் இந்தக் கணக்கை எப்படிப் போடுகிறார்கள்? பக்கத்திலிருந்தே ஆரம்பிப்போம்.

கோவளத்தில் ஒரு நிபந்தனை

கிழக்குக் கடற்கரைச் சாலையில் மாமல்லபுரம் போகிற வழியில் இருக்கும் மீனவ ஊர் கோவளம். அங்கே மீனவக் குடும்பத்தில் பிறந்த மூர்த்தி மேகவன், பலகை மேல் நின்று அலையில் சறுக்கும் சர்ஃபிங்கைத் தானாகவே முயன்று கற்றுக்கொண்டவர். 2012-ல் தொழிலதிபர் அருண் வாசுவுடன் சேர்ந்து அதே ஊரில் சர்ஃபிங் பள்ளியைத் தொடங்கினார். வெளியூர்க்காரர்கள் காசு கொடுத்துக் கற்றுக்கொள்ள வருகிறார்கள். ஊர்ப் பிள்ளைகளுக்கோ ஒரே ஒரு நிபந்தனை. 'புகை கூடாது, குடி கூடாது, சர்ஃபிங் மட்டும்தான்!'

குடும்ப ஆரோக்கியம் பற்றி யோசிக்கிறவர்கள் இந்த நிபந்தனையைக் கொஞ்சம் நின்று கவனிக்க வேண்டும். ஒரு கோச்சின் திறமையை நாம் கோப்பைகளை வைத்தே எடை போடுகிறோம். ஆனால் தன் ஊர்ப் பையன் ஒருவன் இருபது வயதில் சிகரெட்டைத் தொடாமல் இருக்கிறான் என்றால், அந்த வெற்றிக்கு ஸ்கோர் போர்டு கிடையாது. அவன் அம்மாவுக்கு மட்டும்தான் அதன் மதிப்பு தெரியும். பிள்ளைகளின் பெயரும் அவர்களின் வீட்டு நிலவரமும் தெரிந்த ஒருவரால்தான் இப்படி ஒரு நிபந்தனை போட்டு, அதைக் காப்பாற்றவும் முடியும்.

ஊரோடு இருந்தால் உலகம் நம்மைத் தேடி வராது என்பதும் இல்லை. 2025 ஆகஸ்டில் ஆசிய சர்ஃபிங் சாம்பியன்ஷிப் போட்டிகள் இதே கரையோரம், மாமல்லபுரத்தில்தான் நடந்தன. ரமேஷ் புதிஹால் வெண்கலம் வென்றார். அந்தப் போட்டியில் தனிநபர் பிரிவில் இந்தியர் ஒருவர் வாங்கிய முதல் பதக்கம் அது.

அளவைத் தாங்களே வெட்டிக்கொண்டவர்கள்

அதே மாமல்லபுரத்தில், 2022 ஜூலை 28 முதல் ஆகஸ்ட் 10 வரை 44-வது செஸ் ஒலிம்பியாட் நடந்தது நினைவிருக்கும். சொந்த மண்ணில் நடக்கும் ஒலிம்பியாட். ஐந்து முறை உலக சாம்பியனான விஸ்வநாதன் ஆனந்துக்கு அப்போது வயது 52. அவர் போர்டு முன்னால் உட்காரவில்லை. இளையவர்களுக்கு இடம் விட்டு, இந்திய அணிகளுக்கு ஆலோசகராக மட்டும் இருந்தார். வெண்கலம் வென்ற இந்திய 'பி' அணியின் கோச் ஆர்.பி. ரமேஷும் அப்படித்தான். கிராண்ட் மாஸ்டரான அவர், 2008-ல் சொந்த ஆட்டத்தை நிறுத்திவிட்டு, மனைவி ஆர்த்தி ராமசுவாமியுடன் சேர்ந்து பிள்ளைகளுக்குக் கற்றுத்தர ஆரம்பித்தவர்.

அங்கே ஆடிய ஹரிகா துரோணவல்லியையும் சொல்லியாக வேண்டும். அப்போது அவர் நிறைமாதக் கர்ப்பிணி! 'முழுக்க விட்டுவிடு' என்றும் இல்லை, 'எப்படியாவது எல்லாச் சுற்றும் ஆடு' என்றும் இல்லை. மருத்துவ ஏற்பாடுகளோடு, சில சுற்றுகளில் ஓய்வெடுத்துக்கொண்டு ஆடினார். மகளிர் அணி வெண்கலம் வென்றது. அதே மாதத்தில் அவருக்குப் பெண் குழந்தை பிறந்தது. (எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் இது பொருந்தாது. உங்கள் டாக்டர் சொல்வதுதான் உங்களுக்குச் சட்டம்!)

இந்த மூவரும் வேலையைத் தூக்கி எறியவில்லை. தங்கள் வயதுக்கும் உடம்புக்கும் விருப்பத்துக்கும் தக்கபடி வேலையின் அளவை வெட்டித் தைத்துக்கொண்டார்கள்.

கிரிக்கெட்டிலும் இதே கதை உண்டு. 2024 மே மாதம் இந்திய அணியின் கோச் பதவி பற்றிப் பேச்சு வந்தபோது ஆஸ்திரேலியாவின் ரிக்கி பாண்டிங், 'வருஷத்தில் 10, 11 மாதம் கேட்கும் வேலை அது. என் இப்போதைய வாழ்க்கைக்கு ஒத்துவராது' என்ற பொருளில் பதில் சொன்னார். (ஆஸ்திரேலியர் யாரையும் அணுகவில்லை என்று இந்திய கிரிக்கெட் வாரியம் பிறகு மறுத்தது தனிக்கதை.) அப்போது கோச்சாக இருந்த ராகுல் டிராவிட், 'இருக்கும் அட்டவணையையும் வாழ்க்கையில் நான் நிற்கும் கட்டத்தையும் பார்த்தால் மறுபடி விண்ணப்பிக்க முடியாது' என்று ஜூன் மாதமே தெரிவித்துவிட்டார். அதே மாதம் 29-ம் தேதி இந்தியா டி-20 உலகக் கோப்பையை வென்றது. கோப்பை வந்த பிறகும் அவர் மனசு மாறவில்லை. அதன்பின் சுமார் இரண்டு மாதமே நடக்கும் ஐ.பி.எல். போட்டிக்காக ராஜஸ்தான் அணிக்குக் கோச் ஆனார். 2025 ஆகஸ்டில், முன்பைவிடப் பெரிய பொறுப்பைத் தர முன்வந்ததாகவும், அவர் அதை ஏற்கவில்லை என்றும் அந்த அணியே அறிவித்தது.

நெஞ்சைப் பிடித்துக்கொண்ட கோச்... விசில் ஊதாத கோச்!

அமெரிக்காவில் 'ஃபுட்பால்' என்றால் நம்ம ஊர்க் கால்பந்து இல்லை. முட்டை வடிவப் பந்தைக் கையில் இடுக்கிக்கொண்டு மோதி ஓடும் முரட்டு ஆட்டம். அங்கே பல மாநிலங்களில் அரசுச் சம்பளம் வாங்குகிறவர்களிலேயே அதிகம் வாங்குவது கல்லூரி ஃபுட்பால் கோச்தான். கவர்னரெல்லாம் அப்புறம்தான்!

ஃபுளோரிடா பல்கலைக்கழக கோச் அர்பன் மேயர், 2009 டிசம்பரில் ஒரு பெரிய தோல்விக்கு மறுநாள் நெஞ்சுவலியோடு ஆஸ்பத்திரிக்குப் போனார். அந்த மாதக் கடைசியில், 'உடம்பும் குடும்பமும் முக்கியம். விலகுகிறேன்' என்று அறிவித்தார். அதைக் கேட்டு மூத்த மகள் தன்னைக் கட்டிக்கொண்டு, அப்பா திரும்பக் கிடைத்துவிட்டார் என்று சந்தோஷப்பட்டதாக அவரே சொன்னார். அடுத்த நாளே முடிவை மாற்றிக்கொண்டார்! 2010 டிசம்பரில் மறுபடி விலகல். 2011-ல் இன்னொரு பெரிய பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். அங்கே தேசிய சாம்பியன் பட்டமும் வென்றார். 2018 டிசம்பரில், கடும் தலைவலிப் பிரச்னையையும் காரணமாகச் சொல்லி ஓய்வை அறிவித்தார். 'விடுகிறேன்' என்று சொல்வதற்கும் உண்மையிலேயே விடுவதற்கும் நடுவே எவ்வளவு தூரம், பாருங்கள்!

இன்னொருவர் ஜான் கக்லியார்டி. மின்னசோட்டா மாநிலத்தில் செயின்ட் ஜான்ஸ் என்ற சின்னக் கல்லூரிக்கு 1953-ல் கோச்சாக வந்தார். 2012 வரை, அதாவது 60 சீசன்கள், அங்கேயே இருந்தார். பயிற்சியில் விசில் கிடையாது. ஒருவரையொருவர் மோதிக் கீழே தள்ளும் பயிற்சி கிடையாது. ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் பயிற்சியே கிடையாது. 'கோச்' என்று கூப்பிடக்கூடாது, 'ஜான்' என்றுதான் கூப்பிட வேண்டும். இப்படியெல்லாம் இருந்தால் உருப்படுமா என்கிறீர்களா? நான்கு தேசியப் பட்டங்கள், மொத்தம் 489 வெற்றிகள். அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பால் சரித்திரத்தில் வேறு எந்தக் கோச்சும் அத்தனை வெற்றி பெற்றதில்லை. 86 வயது வரை வேலை பார்த்தார்.

சின்ன இடத்தில் இருந்தது மட்டும் கக்லியார்டியின் ரகசியம் இல்லை. இருந்த இடத்தில் வேலைக்கு ஒரு வேலி போட்டார். சின்ன ஆபீஸில் இருந்துகொண்டே ராத்திரி பதினொரு மணிக்கும் போனில் பேசிக்கொண்டிருந்தால், புரமோஷனை மறுத்து என்ன லாபம்?

உடம்பு போடும் கணக்கு

உலக சுகாதார நிறுவனமும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் 2021-ல் ஓர் ஆய்வை வெளியிட்டன. வாரத்துக்கு 35 முதல் 40 மணி நேரம் வேலை செய்கிறவர்களோடு ஒப்பிட்டால், 55 மணி நேரமோ அதற்கு மேலோ உழைப்பவர்களுக்குப் பக்கவாத அபாயம் சுமார் 35 சதவிகிதம் அதிகம். மாரடைப்பு போன்ற இதயநோயால் இறக்கும் அபாயம் 17 சதவிகிதம் அதிகம். 2016-ல் மட்டும் நீண்ட வேலைநேரத்தோடு தொடர்புடைய இறப்புகள் உலகெங்கும் சுமார் 7,45,000.

55 மணி என்பது ஏதோ பெரிய நம்பர் இல்லை. வாரம் ஆறு நாள், தினம் ஒன்பதேகால் மணி நேரம். அவ்வளவுதான்!

காரணம் என்ன? எந்நேரமும் பரபரப்பிலேயே இருந்தால் அட்ரீனலின், கார்ட்டிசால் போன்ற ஹார்மோன்கள் அடங்குவதில்லை. ரத்த அழுத்தமும் சர்க்கரையும் ஏறுகின்றன. தூக்கம் குறைகிறது. வாக்கிங் போக நேரமில்லை. கையில் கிடைத்த போண்டாவும் டீயுமே சாப்பாடாகிறது.

இதில் பயண நேரம் வேறு. செங்கல்பட்டிலிருந்து சென்னை கடற்கரை ரயில் நிலையம் 60 கி.மீ. வீட்டு வாசலிலிருந்து வேலையிடம் வரை ஒரு வழிக்கு இரண்டு மணி நேரம் என்று வையுங்கள். மாதம் 25 நாளுக்கு 100 மணி நேரம்! முழுசாக நான்கு நாளுக்கு மேல் வண்டியிலேயே போகிறது. சம்பளம் 15,000 ரூபாய் கூடினால், அந்தப் பயணத்துக்கு மணிக்கு 150 ரூபாய் கிடைக்கிறது. அதிலும் வெளிச் சாப்பாடு, ஆட்டோ, பிள்ளைகளுக்கு டியூஷன் என்று கழித்தால் மிச்சம் என்ன? பேப்பரில் எழுதிப் பாருங்கள்.

ஓர் எச்சரிக்கை. அந்த அமெரிக்க கோச்சின் நெஞ்சுவலிக்கு உணவுக்குழாய் இறுக்கம்தான் காரணம் என்று தெரிந்தது. அதைக் கண்டுபிடித்தது டாக்டர்கள், பரிசோதனைக்குப் பிறகு! நெஞ்சில் அழுத்தம், தாடைக்கோ இடது கைக்கோ பரவும் வலி, குப்பென்று வியர்வை, மூச்சுத்திணறல் என்றால், "வாயுதான்" என்று சோடா குடித்துக்கொண்டு இருக்காதீர்கள். உடனே 108-ஐ அழையுங்கள்.

எல்லாரும் 'வேண்டாம்' சொல்லலாமா?

கூடாது. வீட்டுக்கடன், பெண்ணின் கல்லூரிக் கட்டணம், பெற்றோரின் வைத்தியச் செலவு என்று இருக்கும்போது வருமானத்தை விடுவதும் மன அழுத்தம்தான். டிராவிட்டும் பாண்டிங்கும் கையில் காசு உள்ளவர்கள். நம் நிலைமை வேறு. சிலருக்குப் புதுப் பொறுப்பே உற்சாக டானிக்காக இருக்கும். அவர்கள் தாராளமாகப் போகட்டும். மனைவிக்கு வரும் புரமோஷனை, "வீட்டை யார் பார்க்கிறது?" என்ற ஒரே கேள்வியால் தட்டிக்கழிப்பதும் நியாயமில்லை. கணக்கு இருவருக்கும் ஒன்றுதான்.

முடிவெடுக்கும் முன் ஆறு கேள்விகள்

1. பயணத்தையும் சேர்த்து வாரத்துக்கு எத்தனை மணி நேரம் போகும்? 55-ஐ நெருங்குகிறதா?

2. தினமும் ஏழு மணி நேரம் தூங்க முடியுமா?

3. பி.பி., சர்க்கரை இப்போது எவ்வளவு? பார்த்து ஒரு வருஷம் ஆகிவிட்டதென்றால், முதலில் அதைப் பாருங்கள்.

4. செலவு போக, கையில் நிற்கும் தொகை எவ்வளவு? எந்தக் குறிப்பிட்ட தேவைக்கு அது வேண்டும்?

5. இருந்தபடியே அளவை மாற்ற வழி உண்டா? ஒரு வருஷம் தள்ளிக் கேட்கலாமா? ஊர்ப் பக்கமே இடம் கிடைக்குமா?

6. மறுத்துவிட்டால், மிச்சமாகும் நேரத்தை என்ன செய்யப் போகிறோம்? டி.வி.க்கும் செல்போனுக்கும் என்றால் மறுத்தே பயனில்லை.

இந்தக் கேள்விகளுக்குத் தனியாக உட்கார்ந்து பதில் எழுதாதீர்கள். கணவன், மனைவி, விவரம் தெரிந்த பிள்ளைகள் எல்லோரும் சேர்ந்து பேசுங்கள். பெரிசோ சின்னதோ, வீடு முழுக்கச் சம்மதித்து எடுத்த முடிவென்றால் பின்னால் "அன்னிக்கே சொன்னேனே" என்ற புலம்பல் வராது.

ஏற்கெனவே பெரிய பொறுப்பில் இருக்கிறீர்களா? காலையில் எழும்போதே அசதி, வேலை என்றாலே கசப்பு, 'நாம எதுக்குமே லாயக்கில்லை' என்ற எண்ணம் — இந்த மூன்றும் சேர்ந்து பல வாரங்கள் நீடித்தால் அதைச் சோம்பல் என்று நினைத்து ஒதுக்காதீர்கள். இதை 'பர்ன் அவுட்' என்கிறார்கள். 2019-ல் உலக சுகாதார நிறுவனமே இதை வேலை சார்ந்த பிரச்னையாகப் பட்டியலிட்டது. டாக்டரைப் பாருங்கள், லீவு போடுங்கள், மேலதிகாரியிடம் பேசுங்கள். அளவைக் குறைக்கும் முடிவை நாம் எடுக்காவிட்டால், ஒருநாள் உடம்பே எடுத்துவிடும். அப்போது அது நம்மிடம் சம்மதம் கேட்காது!