எண்ணெய் ஊறிய மண்ணுக்கு எது மருந்து?

மண்ணில் சிந்திய டீசல் மேலே காய்ந்தாற்போலத் தெரிந்தாலும், மழைக்கு மெல்லக் கீழே இறங்கும். கள்ளிக்காடு, பாறசாலைப் பக்கம் கிணற்று நீர் குடிக்கும் குடும்பங்கள் நம்மில் பல. ஆகவே இது நமக்கும் உரிய விஷயம்.

2021 பிப்ரவரி 10 அன்று திருவனந்தபுரம் டைட்டானியம் ஆலையிலிருந்து கசிந்த பர்னஸ் ஆயில் வேளிக் கடற்கரையில் படிந்தது. அந்த மணலை அள்ளி அகற்றினார்கள். 2017 ஜனவரி 28 அன்று எண்ணூர் அருகே இரு கப்பல்கள் மோதியபோதோ, வாரிய எண்ணெய்ச் சகதியைக் காமராஜர் துறைமுக வளாகத்திலேயே நுண்ணுயிர்களுக்கு இரையாக்கினார்கள். அள்ளினால் அழுக்கு இடம்தான் மாறும். நுண்ணுயிர் தின்றால் கரியமில வாயுவும் நீருமாகும்.

இந்த நுண்ணுயிர்கள் பெரும்பாலும் மண்ணிலேயே உண்டு. குறைவது பிராணவாயுதான். 1 லிட்டர் டீசல் முழுதும் சிதையச் சுமார் 2.8 கிலோ பிராணவாயு வேண்டும். 1 லிட்டர் நீரில் கரைந்திருப்பதோ ஏறக்குறைய 8 மில்லிகிராம். கணக்குப் போட்டால் மூன்றரை லட்சம் லிட்டர் தண்ணீர்! காற்றானால் சுமார் 10 கனமீட்டர் போதும்.

எனவே மேல்மண் கெட்டிருந்தால் வெட்டியெடுத்து, தார்ப்பாயில் பரப்பி, மழை படாமல் மூடி, அடிக்கடி கிளறிவிடுவதே மலிவான வழி. ஆழத்துக்குப் போயிருந்தால் குழாய் இறக்கி மெதுவாகக் காற்றுச் செலுத்துவார்கள். நீர்மட்டத்துக்குக் கீழே என்றால், மாதக்கணக்கில் பிராணவாயு விடும் மக்னீசியம் அல்லது கால்சியம் பெராக்சைடு உதவும். ஹைட்ரஜன் பெராக்சைடு ஊத்தினாப் போதும்னு சிலர் சொல்வதுண்டு. நம் செம்மண்ணில் இரும்பு அதிகம்; பட்டவுடன் நுரைத்துப் பொங்கி, வாயு வீணாகிவிடும். அளவு மிஞ்சினால் வேலைக்கு வந்த உயிர்களே செத்துப்போகும். கொல்லாமை என்னும் எங்கள் சமண அறம் இங்கே லாபக் கணக்காகவும் நிற்கிறது.

அடுத்தது உரம். கரி 100 பங்குக்கு நைட்ரஜன் 10, பாஸ்பரஸ் 1 என்பது வழக்கமான அளவு. 1989-இல் அலாஸ்காவில் எக்ஸான் வால்டெஸ் கப்பல் எண்ணெய் படிந்த கரைகளிலும் உரமிட்டார்கள். ஆனால் யூரியா மிஞ்சினால் நைட்ரேட்டாகிக் கிணற்றில் சேரும். குடிநீரில் அது லிட்டருக்கு 45 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. தென்னை நார்க்கழிவு மண்ணைப் பொலபொலப்பாக்கும். புளிப்பு மண்ணுக்குக் கொஞ்சம் சுண்ணாம்பு நல்லது. பாக்கெட்டில் வரும் பாக்டீரியாப் பொடியைக் கடைசியில் யோசித்தால் போதும்.

ஒன்று மறக்கலாகாது. பழைய இன்ஜின் ஆயிலில் உள்ள உலோகங்களை எந்த உயிரும் தின்று தீர்க்காது. ஆதலால் முதலில் கசிவை நிறுத்துங்கள், பிறகு மண்ணையும் கிணற்று நீரையும் சோதியுங்கள், மருந்து அதற்கப்புறம்தான்.