மீன் தொட்டி டெக்னிக்கில் கழிவுநீர் சுத்தம்... கொல்லிமலைக்குக் கைகொடுக்குமா?

70 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து கொல்லிமலைக்குப் போகிறவர்கள் தவறாமல் நனைந்துவிட்டு வரும் இடம், ஆகாய கங்கை அருவி. அங்கே கொட்டும் ஐயாறு, மலையைவிட்டு இறங்கி, திருச்சி மாவட்டத்தின் புளியஞ்சோலை வழியாக ஓடுகிறது. மேலே ஓடையில் எது கலந்தாலும், கீழே குளிக்கிறவர் தலையில்தான் விழும்!

மலையில் விடுதி கட்டுகிறவர்களில் பலர், ஒரு செப்டிக் டேங்க் கட்டிவிட்டால் வேலை முடிந்தது என்று நினைக்கிறார்கள். அது கசடைத்தான் பிடித்துவைக்கும். அதிலிருந்து வெளியே வருவதும் கழிவுநீர்தான். சமவெளியில் அதை மண் மெதுவாக உறிஞ்சி வடிகட்டும். பாறையும் சரிவுமான இடத்தில், ஒரு நல்ல மழை பெய்தால் அது நேராக ஓடையைத் தேடிப் போகும்.

குளியல் தண்ணீர் போகிற இடத்தில் வாழையும் கல்வாழையும் நட்டுவைப்பது நம் வீடுகளில் பழைய வழக்கம். அதையே கணக்குப் போட்டுச் செய்தால் 'செயற்கை ஈரநிலம்'. நீர் கசியாத தொட்டி, அதில் ஜல்லி, மேலே நாணலோ கல்வாழையோ. செப்டிக் டேங்கிலிருந்து வரும் நீர் இந்த ஜல்லிக்குள் மெதுவாக நகரும். செடிதான் சுத்தம் செய்கிறது என்று தோன்றும். உண்மையில் பெரும்பாலான வேலையைச் செய்வது, ஜல்லியிலும் வேரிலும் ஒட்டி வாழும் பாக்டீரியாக்கள். நீர்மட்டம் ஜல்லிக்குக் கீழேயே இருப்பதால் கொசுத் தொல்லையும் இருக்காது.

புதுச்சேரி அருகே தவளக்குப்பத்தில் இருக்கும் அரவிந்த் கண் மருத்துவமனையில், இப்படிச் செடிகள் வளரும் ஜல்லிப் படுகையோடு கூடிய சுத்திகரிப்பு அமைப்பு 2003-ல் வந்தது. நாளொன்றுக்குச் சுமார் 3 லட்சம் லிட்டர் கழிவுநீரைச் சுத்தம் செய்து, தோட்டத்துக்குப் பாய்ச்சுகிறார்கள்.

ஆனால், இதற்கு இடம் நிறைய வேண்டும். ஐரோப்பியக் கணக்குப்படி, சாதாரணப் படுகைக்கு ஓர் ஆளுக்குச் சுமார் 5 சதுர மீட்டர். மலைச்சரிவில் அவ்வளவு சமதளத்துக்கு எங்கே போவது?

அங்கேதான் மீன் தொட்டி டெக்னிக். படுகையின் அடியில் பொடித் துளைகள் போட்ட குழாய்களைப் பதித்து, சிறிய புளோயர் மூலம் காற்றைச் செலுத்துகிறார்கள். வேர்கள் கொடுக்கும் ஆக்சிஜன் பாக்டீரியாக்களுக்கு யானைப்பசிக்குச் சோளப்பொரி. காற்று தாராளமாகக் கிடைத்தால், மீன்களைக் கொல்லும் அமோனியாவைக்கூட அவை மாற்றிவிடும். இடமும் ஓர் ஆளுக்கு 1 சதுர மீட்டரோ, அதற்கும் குறைவோ போதும். லண்டன் ஹீத்ரோ விமான நிலையத்தில், விமானங்களின் மேல் உறையும் பனியைக் கரைக்கத் தெளிக்கும் ரசாயனம் மழைநீரோடு கலந்து வருகிறது. அதைச் சுத்தம் செய்யும் நாணல் படுகைகளுக்கும் பின்னாளில் இப்படிக் காற்று வசதி செய்தார்கள்.

கொல்லிமலைக்கு இன்னொரு லாபமும் உண்டு. ஆடிப்பெருக்கையொட்டி நடக்கும் வல்வில் ஓரி விழா நாள்களில் கூட்டம் அலைமோதும். காற்றைக் கூட்டிக் குறைக்க முடிகிற படுகை, திடீரென வரும் சுமையையும் ஓரளவு தாங்கும். சரிவு இருப்பதால் தண்ணீரை நகர்த்த மோட்டாரும் வேண்டாம். காற்றுக்கு மட்டும்தான் மின்சாரம். மழைக்காலத்தில் கரன்ட் போனால்? சில மணி நேரம் சமாளிக்கலாம். நாள்கணக்கில் என்றால், மாற்று ஏற்பாடு இல்லாமல் முடியாது.

வெளியே வரும் நீர் குடிக்கவோ குளிக்கவோ அல்ல. காபிச் செடிக்கும் மிளகுக்கொடிக்கும் பாய்ச்சலாம். செப்டிக் டேங்கில் சேரும் கசடை மட்டும் காலாகாலத்தில் அள்ளிவிட வேண்டும். விட்டால் ஜல்லி அடைத்துக்கொள்ளும். அப்புறம் புது ஜல்லி ஏற்றிய லாரி, அந்த 70 வளைவுகளையும் சுற்றித்தான் மேலே வர வேண்டும்!